நம்பர் ஒன் எத்தன பேருடா மாப்ள!

மாப்ள, மகளை எந்தக் காலேஜுல சேக்கறதுன்னு நீ மண்டைய ஒடைச்சுக்க வேணாம். தஞ்சாவூர்ல பஸ் ஏறி, ஜன்னலோரமா உக்காந்து, திருச்சி வரைக்கும் ரோட்டோர பிளக்ஸ எண்ணிக்கிட்டே போ. எல்லாக் காலேஜும் நம்பர் ஒன். ரெண்டாவதுன்னு ஒரு காலேஜு நம்ம சீமையிலயே கிடையாது. லண்டன்காரனுக்கு இந்தப் பாக்கியம் உண்டா? நம்பர் ஒன்னுக்குக் கீழ, யாரு குடுத்த பட்டம்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். அதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு செங்கிப்பட்டியத் தாண்டிடும். அதுக்குத்தானே அவ்ளோ பொடியா எழுதறது!

என்ன, சர்க்கார் லிஸ்ட்டு இருக்குங்கறியா? இருக்கே. என்ஐஆர்எஃப். 2015-ல திட்டம் போட்டு, 2016-லேருந்து டெல்லியில போடறாங்க. நல்ல காரியந்தான். இன்ஜினியரிங்குக்கு எப்படி மார்க்குன்னா, பாடம் நடத்துறதுக்கும் வசதிக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படிச்ச புள்ளைங்க கரையேறிச்சாங்கறதுக்கு 20, பொம்பளப் புள்ளைங்க, இல்லாதப்பட்டவங்க, வெளியூர்ப் புள்ளைங்க எல்லாரையும் சேக்கறாங்களாங்கறதுக்கு 10. மிச்சம் 10 எதுக்குங்கற? வேலை குடுக்கறவங்களும் மத்த வாத்தியாருங்களும் அந்தக் காலேஜப் பத்தி என்ன நெனைக்கறாங்கங்கறதுக்கு. ஊர் வாய்க்கு நூத்துக்குப் பத்து மார்க்கு! இது தெரியாம நம்ம டீக்கடை பெஞ்சுல இத்தன வருஷமா எல்லாரும் ஓசியில பேசிட்டிருக்கோம்.

சரி, ஆராய்ச்சிக் கட்டுரைய வெளியிலேருந்து எண்ணிக்கறாங்க. மத்த கணக்கெல்லாம் யாரு குடுக்கறது? பெரும்பாலும் காலேஜேதான். எத்தன வாத்தியாரு, எத்தன புள்ளைக்கு வேலை, எவ்ளோ சம்பளம், எல்லாம் அவங்க எழுதிக் குடுக்கறது. நீ நெல்லு கொள்முதல் நிலையத்துல குறுவையக் கொட்டிட்டு, "ஈரம் பதினாலுதாங்க, நானே ஊட்ல பாத்துட்டேன், எழுதிக்குங்க"ன்னு சொல்லிப் பாரேன். கருவிய விட்டுப் பாப்பான். பதினேழுக்கு மேல காட்டுச்சா, "போயி காயப்போடு"ம்பான். மழை வந்தாலும் சரி, நெல்லு மொளைச்சாலும் சரி. நாலு ஏக்கர் வச்சிருக்கறவன் வாய்ச்சொல்லு செல்லாது. நாலு மாடி வச்சிருக்கறவன் வாய்ச்சொல்லுக்கு ரேங்க் உண்டு. படிச்சவன் பொய் சொல்ல மாட்டான்னு டெல்லிக்கு ஒரு நம்பிக்கை. நல்ல மனசு.

இதக் கேட்டு ஒருத்தர் கோர்ட்டுக்கே போனாரு. 2025 மார்ச்சுல ஐகோர்ட்டு மதுரைக் கிளை லிஸ்ட்ட வெளியிடக் கூடாதுன்னு இடைக்காலத் தடை போட்டுது. அப்பறம் வழக்கு தள்ளுபடியாச்சு, செப்டம்பர்ல லிஸ்ட்டும் வந்துச்சு, பிளக்ஸ் கடைக்காரனுக்கும் வேலை வந்துச்சு.

வாத்தியாரு கணக்குன்னா சும்மா இல்ல மாப்ள. 2024 ஜூலையில, லஞ்சத்த எதுத்துப் போராடற அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் போட்டுது. அண்ணா பல்கலைக்கழகத்துல இணைஞ்ச இன்ஜினியரிங் காலேஜுங்க அங்கீகாரத்துக்குக் குடுத்த கணக்குல, 353 பேரு ஒரே சமயத்துல ஒன்னுக்கு மேற்பட்ட காலேஜுல முழுநேர வேலை பாக்கறதா இருந்துச்சு. 224 காலேஜுல இந்த வித்தை. ஒருத்தர் பத்து காலேஜுக்கு மேல! முருகனுக்கே படைவீடு ஆறுதான். வாத்தியாரு முந்திட்டாரு பாத்தியா!

சரி மாமா, வெளியாளு நேர்ல வந்து பாக்கட்டுமேங்கற. அதுக்கும் 1994-லேருந்து, காலேஜுங்களுக்குத் தரம் போடற நாக்-னு ஒன்னு இருக்கு. குழு வந்து, பாத்து, ஏ பிளஸ் பிளஸ் வரைக்கும் போட்டுக்கிட்டிருந்துச்சு. 2025 பிப்ரவரியில அந்த ஏ பிளஸ் பிளஸுக்கு லஞ்சம்னு வந்த புகார்ல, பாக்க வந்த குழு ஆளுங்களையே சிபிஐ புடிச்சுக்கிட்டுப் போயிட்டான். ஆக, அவனே அளந்தாலும் வம்பு, ஒருத்தன் மட்டும் வந்து அளந்தாலும் வம்பு. கணக்க நடுத்தெருவுல விரிச்சுப் போடணும். எவன் வேணாலும் குனிஞ்சு பாக்கலாம்னு இருக்கணும்.

அப்படிப் பாத்தா என்ன நடக்கும்னு கேளு. அமெரிக்காவுல கொலம்பியான்னு பெரிய பல்கலைக்கழகம். ஒரு பத்திரிகை போட்ட ரேங்க்ல ரெண்டாவது இடம். அங்கயே கணக்கு நடத்துற மைக்கேல் தாடியஸ்ங்கற பேராசிரியர், 2022-ல தன் காலேஜு அந்தப் பத்திரிகைக்கு எழுதிக் குடுத்த கணக்க, வெளிய கிடந்த கணக்கோட ஒட்டிப் பாத்தாரு. ஒட்டல. அந்த வருஷமே பதினெட்டாவது இடத்துக்குப் போயிடுச்சு. சம்பளம் குடுக்கற எடத்தையே கணக்குக் கேட்டாரு பாரு, அவரு வாத்தியாரு.

இன்னொன்னு. நம்ம என்ஐஆர்எஃப்ல அஞ்சு விஷயத்தக் கூட்டி ஒத்த நம்பரா ஆக்குறானே, அதுலதான் சூட்சுமம். 1904-ல நம்ம கும்பகோணம் காலேஜுல ஸ்காலர்ஷிப்போட சேந்தாரு ராமானுஜன். கணக்குல புலி. மத்த பாடத்துல தேறல. ஸ்காலர்ஷிப் போச்சு. மொத்தத்தப் பாத்த காலேஜுக்கு ஆளு தெரியல. இன்னைக்கு அதே ஊர்ல அவரு பேரச் சொல்லிப் பெருமப்படறோம். தமிழ்ப் பல்கலைக்கழகத்த எடுத்துக்க. 1981-லேருந்து ஓலைச்சுவடி, கல்வெட்டுன்னு வேலை பாக்குது. ஆராய்ச்சி மார்க்க ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ்னு ரெண்டு கணக்குலேருந்து எடுத்தா, தமிழ்ல அச்சடிச்ச ஆராய்ச்சி எங்கேருந்து அதுல ஏறும்? பெரிய கோயில் கல்வெட்ட இங்கிலீஷ்ல வெட்டியிருந்தா ராஜராஜனுக்கும் நாலு மார்க் சேந்திருக்கும்.

ஐரோப்பாக்காரன் இதுக்கு ஒரு வழி பண்ணினான். 2014-ல யூ-மல்டிரேங்க்னு ஒன்னு, ஐரோப்பிய யூனியன் காசுல. மொத்த மார்க்கே கிடையாது. பாடத்துக்குத் தனி, ஆராய்ச்சிக்குத் தனி, ஊருக்கு என்ன ஒதவுதுங்கறதுக்குத் தனின்னு ஏ-லேருந்து ஈ வரைக்கும் போட்டு வச்சான். உனக்கு எது முக்கியமோ அத மட்டும் எடுத்து ஒப்பிட்டுக்கன்னான். நம்பர் ஒன்னே இல்ல. பிளக்ஸ்ல எதைப் போடறது? அங்கயும் காலேஜு எழுதிக் குடுத்த கணக்கு இருந்துச்சு, அது வேற. சில எடத்துல ரேங்க்கையே வேணாம்னுட்டாங்க. சூரிச் பல்கலைக்கழகம் 2024-ல, டைம்ஸ்னு ஒரு உலக ரேங்க்குக்குக் கணக்கே தர மாட்டேன்னுடுச்சு. நம்ம பழைய ஐஐடி ஏழும் 2020-லயே, அளக்கற முறை வெளிப்படையா இல்லன்னு அந்த ரேங்க்க வேணாம்னுட்டாங்க. அவங்க சொல்லலாம், அவங்களத் தேடித்தான் புள்ளைங்க வருது. நம்ம ரோட்டோரக் காலேஜு ரேங்க் வேணாம்னா, வாட்ச்மேனே உள்ள விட மாட்டான்.

உனக்கு நான் சொல்றது இதுதான். என்ஐஆர்எஃப்ல சேந்த காலேஜு, அங்க குடுத்த கணக்க தன்னோட வெப்சைட்லயும் போட்டாகணும். உம் மகளே ரெண்டு நிமிஷத்துல செல்லுல எடுத்துடும். எத்தன பேருக்கு வேலை, நடு சம்பளம் எவ்ளோன்னு அதுல இருக்கும். நோட்டீஸ்ல போட்டிருக்கறது ஒரே ஒரு பய வாங்கின பெரிய சம்பளம். உம் மக வரிசையில நடுவுல நிக்கப்போற புள்ளையா, அந்த ஒரே பயலான்னு நீயே யோசி. வாத்தியாருங்க பட்டியலையும் பாரு. அண்ணா பல்கலைக்கழகம் போடற தேர்ச்சி சதவீதத்தையும் பாரு.

எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு அட்மிஷன் ஆபீஸுக்குப் போ. "அய்யா, வெவரம் தெரியாதவன், நீங்க டெல்லிக்கு எழுதினதையும் இந்த நோட்டீஸையும் கொஞ்சம் ஒட்டிக் காட்டுங்க"ன்னு கேளு. வேட்டிய மடிச்சுக் கட்டாத, பணிவாக் கேளு. உக்கார வச்சு வரி வரியா வெளக்கம் சொன்னா, ரேங்க் நூத்தம்பதா இருந்தாலும் பணத்தக் கட்டு. கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் குடுத்து, "சார், எங்க பஸ்ஸெல்லாம் ஏசி"ன்னு ஆரம்பிச்சா, கூல்டிரிங்க்ஸ மட்டும் குடிச்சிட்டு வந்துடு.