மேகத்தில் குடியேறிய தம்பி

திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் செட்டுக்கு ஒருவன் இப்படித் தேறிவிடுவான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். லினக்ஸ் தம்பி என்று வைத்துக்கொள்வோம்.

வித்து போட்டது அரசாங்கம். 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மற்ற பிள்ளைகள் விண்டோஸில் நுழைந்து படம் பார்த்தார்கள். தம்பி தொடக்கப் பட்டியலில் அடுத்த வரியை அமுக்கினான். அன்று போனவன்தான்.

"மெதுவா ஓடுது தம்பி, கொஞ்சம் பாரு" என்று சித்தப்பா ஜவ்வரிசி மில் கணினியைக் கொடுத்தால், விண்டோஸைத் துடைத்து லினக்ஸ் ஏற்றித் தருவான். வேகமாகத்தான் ஓடும். சித்தப்பாவுக்குத்தான் ஒன்றும் ஓடாது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் ரிப்பேருக்குக் காசு கொடுத்தே பார்த்துக்கொள்கிறார்கள்.

2024-இல் யாரோ ஒருவர் கூகுள் டிரைவிலிருந்தே லினக்ஸை பூட் செய்து காட்டிவிட்டார். தம்பிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. தானும் செய்து பார்க்க, நல்ல ஹார்டு டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அப்பாவிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருகிறார்களே, அதுதானாம் பென்டிரைவில் இருக்கும் கர்னலும் குட்டி இனிட்ராம்எஃப்எஸ்ஸும். வழக்கமாக அது ஹார்டு டிஸ்கைத் தேடிப் பிடித்துப் பொறுப்பை ஒப்படைக்கும். இங்கே அது முதலில் நெட்டைப் பிடித்து, கூகுளிடம் சாவியைக் காட்டி, ஃபியூஸ் என்ற வழியாக டிரைவையே டிஸ்க் மாதிரி மாட்ட வேண்டும்.

"சேஸிஸ் நம்மூர்ல, பாடி அமெரிக்காவுல. நடுவுல ஒயரா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கெட்டுப்போன வண்டி எத்தனையோ பார்த்தவர்.

சிக்கல் ஒன்றா இரண்டா! லினக்ஸ் கேட்கும் கோப்பு அனுமதிகள் எல்லாம் கூகுள் டிரைவுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் கடல் தாண்டிப் போய்வர வேண்டும். மதர்போர்டு பேட்டரி செத்துத் தேதி 2010 என்று காட்டினால், பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று இணைப்பு மறுக்கப்படும். அணைப்பது அதைவிடக் கூத்து. நெட்டை முதலில் துண்டித்துவிட்டால், மிச்சத்தை அணைக்க வேண்டிய நிரலும் மேகத்திலேயே மாட்டிக்கொள்ளும். கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் கதி.

"ஏஞ்சாமி, இன்னும் அது எந்திரிக்கலியா?" என்று காபியோடு வருவார் அம்மா. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மட்டும் தம்பி நேரத்துக்குச் சோறு தின்பான்.

ஆனால் தம்பி மாதிரி ஆட்களைக் கொஞ்சம் யோசித்துத்தான் திட்ட வேண்டும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியதே பொழுதுபோக்காகத்தான். தன்வரலாற்று நூலுக்கே 'ஜஸ்ட் ஃபார் ஃபன்' என்று பேர் வைத்தவர். "வேலைவெட்டி இல்லாதவன்" என்று தம்பியைத் திட்டும் மாமாவின் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதே கர்னல்தான். மாமாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

ஒருநாள் விடியற்காலை திரை விழித்தது. சுட்டியை அசைத்தால், அம்புக்குறி யோசித்துவிட்டு நகர்ந்தது. தம்பி அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்தான். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல டேலி ஓடுமா?"

"அது... ஓடாதுங்கப்பா."

"இருபதாந்தேதிக்குள்ள ஜிஎஸ்டி போடோணும்."

"ஆடிட்டர் ஆபீஸ்லயே போட்டுக்கலாங்கப்பா. இப்ப பாருங்க, அடுத்து இந்தப் பென்டிரைவும் இல்லாம பண்ணப் போறேன்!"