பிளக் குற்றமற்றது: அம்பாசடர் வழி ஓர் ஆய்வு

"வண்டி மிஸ் அடிக்குது" என்று ஒரு வீட்டில் சனிக்கிழமை மாலை யாராவது சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை அவ்வீட்டு வாசலில் ஓர் அம்பாசடரின் பானட் திறந்திருக்கும். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான தொடர்பை அறிஞர்கள் இதுவரை முறையாக ஆராயவில்லை. பிளக்கை எப்படி மாற்றுவது என்று கையேடுகள் விளக்குகின்றன. எடுத்த எடுப்பில் பிளக்கின் மேலேயே ஏன் கை வைக்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்புவதில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோள் வருமாறு: வீட்டில் மாற்றப்படும் பிளக் பெரும்பாலும் குற்றமற்றது. குடும்பத் தலைவரால் கழற்றி, மிச்சம் மீதி இல்லாமல் திரும்பப் பூட்ட முடிகிற ஒரே உறுப்பு அது என்பதால் மட்டுமே அது தண்டிக்கப்படுகிறது.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசாக வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை பிறந்த அம்பாசடர்களுள், 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் இஞ்சின் கொண்டவை மட்டுமே இங்கு தரவு. டீசல் அம்பாசடருக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. ஹீட்டர் பிளக் உண்டு. ஆனால் அது வேறு துறை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பிற்காலக் கார்களையும் தவிர்த்துள்ளோம். அவற்றில் பானட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஆய்வாளர் கும்பிட்டுவிட்டு மூடிவிட வேண்டியதுதான்.

அம்பாசடர் அப்படியன்று. கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்ள, வலப்பக்கத்தில் நான்கு பிளக்கும் வரிசையாக, வெளிச்சத்தில், கைக்கெட்டும் உயரத்தில் நிற்கின்றன. இங்கேதான் குற்றவியல் தொடங்குகிறது. மிஸ்ஸிங்குக்கு பாயிண்ட் காரணமாக இருக்கலாம். கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஹெச்.டி. வயர், கார்புரேட்டரில் தூசி என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் கார்புரேட்டரைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங் எங்கோ தெறிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைத்தால் டைமிங் போய்விடும் என்ற பயம். கண்டென்சர் எது என்பதிலேயே கருத்து வேறுபாடு. பிளக்குக்கோ ஒரு டியூப் ஸ்பேனரும் அதன் தலையில் செருக ஒரு கம்பியும் போதும்.

பிளக்கின் தரப்பையும் பதிவு செய்வது ஆய்வறம். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது பொறி விட வேண்டும். சராசரி நிமிடத்துக்கு 2000 சுற்று, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டருக்குள் ஒவ்வொரு பிளக்கும் ஒன்றரைக் கோடிப் பொறிகளை விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து ஒரு துகளைக் கொண்டுபோகிறது. கூராக இருந்த விளிம்பு மழுங்குகிறது, இடைவெளி அகலுகிறது, அதைத் தாண்ட மேலும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. ஆகவே பிளக்குக்கும் மூப்பு உண்டு, மாற்ற வேண்டிய காலமும் உண்டு. ஆனால் மூப்பு ஒரு குற்றமாகாது. அந்தக் காலம் வரும்வரை வீட்டார் காத்திருப்பதும் கிடையாது.

இனி செய்முறை. இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். பின்பு வயர். பிளக் நான்குதான், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கிளம்பும் வயர் ஐந்து. நடுவிலிருப்பது காயிலுக்குப் போவது என்று தெரிந்தவருக்கு இது ஒரு செய்தியே அல்ல; தெரியாதவர் ஐந்தாவது பிளக்கைத் தேடி வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறார். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். பொறி விழும் வரிசை 1-3-4-2. ஒரு வயரைக் கழற்றி, அந்த பிளக்கை மாற்றி, அதே வயரை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு, "எது எதுலடா இருந்துச்சு?" என்று டார்ச் பிடிக்கும் பையனைக் கேட்பதே பெருவழக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறினால் இஞ்சின் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. தெருவில் அதுவரை வராதவர்களும் அப்போது வந்து சேர்கிறார்கள்.

இடைவெளி வைத்தல் தனி அதிகாரத்துக்கு உரியது. இவ்விஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அளவு 25 தவு, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தைந்து பங்கு, ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். இதை அளக்க ஃபீலர் கேஜ் என்ற கருவி உண்டு. அது வீட்டில் இருக்காது. இருந்தாலும் துருப்பிடித்து இரண்டு தகடு ஒன்றாகியிருக்கும். ஆகவே பட்டறைகளில் ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பார்கள். படித்தவர்கள் இதைக் கண்டு சிரிப்பதுண்டு. ஆனால் கையால் அறுக்கும் ஆக்ஸா பிளேடின் தடிமனே வழக்கமாக 25 தவுதான்! இவ்விஞ்சினை வடிவமைத்த பர்மிங்காம் பொறியாளர்கள் வகுத்த அளவைக் கால்வாசி தேய்ந்த ஒரு பிளேடால் அப்படியே பிடித்துவிட்ட அந்த முதல் மெக்கானிக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கலாம் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. பிளேடின் பல் இருக்கும் பக்கத்தை நுழைக்கக் கூடாது. பல்லை இரு பக்கமும் சாய்த்திருப்பார்கள், அளவு கூடிவிடும்.

பூட்டுதலில் ஓர் உளவியல் கூறு காணப்படுகிறது. புது பிளக்கை விரலால் மரையேற்றி, உட்கார்ந்த பின் ஸ்பேனரால் அரைச் சுற்று திருப்பினால் வாஷர் நசுங்கி அடைத்துக்கொள்ளும். அவ்வளவே தேவை. ஆனால் பழைய பிளக் கழல மறுத்தபோது பட்ட அவமானம் புது பிளக்கின் மேல் தீர்க்கப்படுகிறது. கம்பியைப் பிடித்துத் தொங்குபவர்களைக் காணலாம். அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு என்பதால் பொறுத்துக்கொள்கிறது. அலுமினிய ஹெட்டாக இருந்தால் மரை பெயர்ந்து வந்திருக்கும்.

கழற்றிய பிளக்கை வாசிக்கும் கலைக்கு இப்போது வருவோம். மூலபாடம் எளியது: இளம்பழுப்பு நலம், உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் உள்ளே ஆயில் ஏறுகிறது, வெளிறியிருந்தால் சூடு அதிகம். ஆனால் இங்கும் மூலத்தைவிட உரைகளே பெருகியுள்ளன. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு மாமா பிளக்கை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய், "ரிங்ஸ் போயிடுச்சு" என்கிறார். எதிர்வீட்டுக்காரர் அதே பிளக்கைப் பார்த்து, "சார், இது பெட்ரோல் கலப்படம்" என்கிறார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கியவர் நிறமே பார்க்காமல், "கம்பெனி பிளக்தானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நான்கு பிளக்குக்கு ஆறு உரை என்பது இத்துறையில் குறைவான எண்ணிக்கை. பலரும் ஒப்பிடும் அந்தப் பொன்பழுப்பு நிறம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் கண்ணில் பதிந்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல்தான். ஈயம் விட்டுப்போன படிவு இப்போது பிளக்கில் இல்லை. மூலம் மாறிவிட்டது, உரையாசிரியர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

உரைகளில் சேர்க்கப்படாத ஒரு குரலும் உண்டு. காபி கொண்டுவந்த வீட்டம்மா, "வெள்ளிக்கிழமை பூரா மழைல நனைஞ்சுதுங்களே, அதனால இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறார். ஆய்வுக்குழு காபியை மட்டும் பெற்றுக்கொண்டது.

கருதுகோளுக்கு வலுவான சான்று, கழற்றிய பிளக்குகளின் பிற்கால வாழ்க்கை. யாரும் அவற்றை எறிவதில்லை. உண்மையிலேயே குற்றவாளி என்று நம்பினால் குப்பைக்குப் போயிருக்க வேண்டுமே? மாறாக, உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, பனியன் வேஸ்டில் சுற்றி, "ஸ்பேர்" என்ற பெயரில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைக்கிறார்கள். அப்படி ஒரு டப்பாவை அகழ்ந்தபோது காலவரிசை தெளிவாகவே கிடைத்தது. மேலடுக்கில் போஷ் என்று பொறித்தவை. அதன் கீழே மைக்கோ. 1951ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008ல் போஷ் என்று பெயர் மாறியதால், இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காலம் கணிக்கலாம். அதற்கும் கீழே பெயர் அழிந்த சில, ஒரு ஸ்கூட்டர் பிளக், டைனமோவின் கார்பன் பிரஷ் ஒன்று, செல்லாத ஐந்து பைசா. நான்கு சிலிண்டர் வண்டிக்கு ஒரு லாரிக்குப் போதுமான ஸ்பேர். வண்டியை விற்கும்போது, "டிக்கில எக்ஸ்ட்ரா பிளக் இருக்கு சார்" என்று விலைபேசவும் இந்த டப்பா உதவுகிறது.

எஞ்சியிருப்பது முடிவுகளைச் சரிபார்த்தல். ஞாயிறு மதியம் நான்கு புது பிளக்கோடு வண்டி முன்பைவிட மோசமாக மிஸ் அடித்தது. திங்கள் காலை மெக்கானிக் வந்தார். ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு இஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பைத் தள்ளினார். மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது. தோளில் கிடந்த துணியால் துடைத்து, ஊதி, மாட்டினார். வண்டி சீராக ஓடியது. அவர் காசு வாங்கிக்கொண்டு கிளம்பியதும், வாசலில் நின்ற மாமாவிடம் குடும்பத் தலைவர் அறிவித்தார்: "நேத்துப் போட்ட பிளக் இன்னைக்குத்தான் செட் ஆகியிருக்கு."