பாவம் மருந்தான கதை

காலையில் மாத்திரை போட்டேனா என்று கேட்கிற அதே மூச்சில், குறுக்கெழுத்து போட்டாச்சா என்றும் இப்போது வீட்டில் கேட்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மறதி வராமலிருக்க இது ஒன்று. "தினமும் ஒண்ணு போடுங்க சார், மூளைக்கு நல்லது" என்று டாக்டர் சொன்னார். மருமகள் அன்று மாலையே என் போனில் ஒரு ஆப் இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

இதைக் கேட்க என் பெரியப்பா உயிரோடு இல்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டும் குறுக்கெழுத்தும் ஒரே ஜாதி. இரண்டையும் திண்ணையைத் தாண்டி உள்ளே விட மாட்டார். "படிக்கிற பையன் கையில பென்சில் எதுக்கு இருக்கு? கணக்கு போடவா, கட்டத்தை ரொப்பவா?" என்பார். மடியில் விரித்த பத்திரிகையை அவர் காலடிச் சத்தம் கேட்டதும் பூகோளப் புத்தகத்துக்குள் நுழைத்துவிடுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கடைக்குட்டி அத்தைதான் ரகசியமாகச் சொன்னாள்: இளவயதில் பெரியப்பா குறுக்கெழுத்துப் போட்டியில் பணத்தை விட்டவர். எந்தப் பத்திரிகை என்று மட்டும் அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலப் பரிசுப் போட்டிகளின் சூட்சுமம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 'இவன் போக்கு ஊருக்குப் புரியாது' என்று ஒரு குறிப்பு. நான்கு கட்டம், 'த்தன்' என்று மூன்று எழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. முதல் எழுத்து என்ன? சித்தனா, பித்தனா? இரண்டும் பொருந்தும். சரியான விடை போட்டிக்காரர்களிடம் உறையில் முத்திரை வைத்துத் தூங்கும். பார்க்கிறவன் இரண்டையும் எழுதி இரண்டு கூப்பன் அனுப்புவான். இப்படி இரண்டு இடம் இருந்தால் நான்கு கூப்பன், மூன்று இருந்தால் எட்டு. ஒவ்வொரு கூப்பனுக்கும் நுழைவுக் கட்டணம். சித்தன் பித்தனாகிற இடம் அதுதான்.

தேசம் முழுக்க இந்த ஜுரம் இருந்தது. 1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட்டது. பெங்களூரிலிருந்து 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற பத்திரிகை மூலம் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திவந்த சமர்பாக்வாலா மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அது அறிவுப் போட்டியல்ல, சூதாட்டமே என்று 1957-ல் தீர்ப்பானது. பெரியப்பாவுக்கு நீதிபதிகளின் ஆதரவு இருந்தது என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும்.

நான் பென்சில் பிடித்தபோது பரிசெல்லாம் போய், 'சரியான விடை எழுதியவர்கள்' பட்டியலில் பெயர் வருவதுதான் மிச்சம். அதற்கும் பத்திரிகை வேண்டுமே. லெண்டிங் லைப்ரரியிலிருந்து வரும் இதழில் முன்னால் படித்த புண்ணியவான் மையில் நிரப்பியிருப்பார். பாதி தப்பு. மையை அழிக்க எச்சில் தொட்டுத் தேய்த்தால் காகிதம் ஓட்டையாகும். ஓட்டைக்குப் பின்னால் அடுத்த பக்கத்துத் தைல விளம்பரத்தின் எழுத்து தெரியும். சமயத்தில் அதுவே சரியாகப் பொருந்தியும் இருக்கிறது.

ஒரு தீபாவளி மலரில் முழுக்க முழுக்கப் பழைய சினிமாவை வைத்துக் குறுக்கெழுத்து வந்தது. தமிழ்க் குறுக்கெழுத்துக்கு நான்கு திசை என்பது தெரிந்ததுதானே. ஆங்கிலத்தில் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் மட்டும். நம்மவர்கள் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சேர்த்துக்கொண்டார்கள். 'தமிழ் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்தவர், கீழிருந்து மேல்' என்றால் உச்சிக் கட்டத்தில் 'ன்' வந்து உட்காரும். டங்கன். அமெரிக்காவின் ஓஹையோக்காரர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் தலைகாட்டிய 'சதி லீலாவதி' (1936) அவர் இயக்கியதுதான்.

அந்தப் புதிரில் எங்களைப் படுத்தியது 'தாஸ்' என்று முடிகிற இரண்டு நாலெழுத்துப் படங்கள். ஒன்று காளிதாஸ், இன்னொன்று ஹரிதாஸ். எது எந்தக் கட்டத்துக்கு? ஒரு குறிப்பு, 'பேச ஆரம்பித்தான், கண்ட பாஷையிலும் பேசினான்'. இன்னொன்று, 'மூன்று தீபாவளி கண்டவன்'. வீட்டில் கேட்க முடியாது. சலூன்தான் கதி.

சலூன்காரர் இளவயதில் சென்னையில் வேலை பார்த்தவர். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மூணு தீபாவளி ஓடின படம் எது?"

"எதுக்குடா கேக்குற?"

"சும்மாதாண்ணே."

விடை சொல்லவில்லை, பாட ஆரம்பித்தார். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த மனிதர் முகம் காயக் காயக் காத்திருந்தார். பாட்டு முடிந்ததும் கதை. ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் வந்தது. அடுத்த மாதம் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். டிசம்பரில் அந்த வழக்கில் படத்தின் கதாநாயகன் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, இருவரும் வெளியே வரும்போது 1947 ஏப்ரல். அதாவது, படம் பார்த்த மூன்று தீபாவளிகளில் இரண்டைக் கதாநாயகன் சிறையில்தான் கழித்தார். "உள்ள அவரு கம்பி எண்ணுறாரு, வெளிய சனம் டிக்கெட் எண்ணுது" என்றார் சலூன்காரர். நாற்காலி மனிதர் பொறுக்கமாட்டாமல், "முதல்ல இந்தப் பக்கத்தை மழிச்சுட்டு அப்புறம் ஜெயிலுக்குப் போய்யா" என்றார்.

அப்போ காளிதாஸ்? அதைப் பேசும்படமாகப் பார்த்தவர், மழிக்கப்பட்டுக்கொண்டிருந்த அவரேதான். 1931-ல் வந்தது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, எதிரே நாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, இடையில் இந்தியும் வரும். எடுத்தது பம்பாயில். நடுவில் காந்தியையும் ராட்டையையும் பற்றிப் பாட்டு. காளிதாசன் காலத்தில் ராட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லையாம். படம் பேசியதே பெரிது.

மூன்றெழுத்தில் இன்னொரு விடை, 'வாசன்'. 'முரசுக்குள் ஆளை ஒளித்தவர்' என்பது குறிப்பு. 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தைச் சொல்கிறது. ஆனந்த விகடனின் விற்பனை 1930-களில் ஏறியதற்குக் கல்கியின் எழுத்தோடு குறுக்கெழுத்துப் போட்டிக்கும் பங்கு உண்டு. அந்தப் போட்டியைக் கொண்டுவந்தவர் இதே எஸ்.எஸ். வாசன். கட்டம் போட்டவரே கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். போட்டியில் பணம் விட்டவர்களைப் பற்றித்தான் எந்தப் புதிரிலும் குறிப்பு வரவில்லை.

பெரியப்பாவைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் முதல் கட்டத்தைப் போட்டார். 1924-ல் இது பாவமான வீண் வேலை என்று நியூயார்க் டைம்ஸ் தலையில் அடித்துக்கொண்டது. அதே ஆண்டு லண்டன் டைம்ஸ், அமெரிக்காவே இதற்கு அடிமையாகிவிட்டது என்று கவலைப்பட்டது. கவலைப்பட்ட லண்டன்காரர் 1930-ல் தானே ஆரம்பித்தார். பாவம் என்றவர் 1942 வரை பொறுத்தார். பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த சில வாரங்களில், இருட்டடிப்பு நேரத்தில் வாசகருக்குப் பொழுது போக வேண்டும் என்று அவரும் கட்டம் போட்டார். நம் வீட்டுப் பெரியவர்களாவது கடைசிவரை ஒரே பேச்சில் நின்றார்கள்.

இப்போது என் போனில் இருப்பதும் பழைய சினிமாக் குறுக்கெழுத்துதான். குறிப்பு இப்படி வருகிறது: '1954-ல் வெளிவந்த, பாடல்களே இல்லாத தமிழ்ப் படம் (5)'. கொடுக்கும்போதே ஆண்டு, அளவு, விலாசம் எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள்; தபால்தலை மட்டும்தான் நாம் ஒட்ட வேண்டும். அதுவும் கஷ்டமென்றால் ஓரத்தில் ஒரு பல்பு படம் இருக்கிறது, தொட்டால் ஒரு எழுத்து விழும். ஐந்து முறை தொட்டால் 'அந்த நாள்'. உடனே திரையில் பட்டாசு வெடித்து, 'அபாரம்! உங்கள் மூளைக்கு வயது 35' என்று வருகிறது. மீதி உடம்புக்கு என்ன வயது என்று அதற்குத் தெரியாது.

நியாயமாகச் சொன்னால், ஆப்பில் எழுத்துப் பிழை இல்லை. அன்றைய இதழ்களில் 'சென்ற வாரப் புதிரில் 14-வது குறிப்பு தவறு, வருந்துகிறோம்' என்பது கிட்டத்தட்ட நிரந்தரப் பகுதி. ஆனால் பல்பு பாடாது.

என் மனைவி பல்பைத் தொட விடமாட்டாள். "அந்த நாளா? சிவாஜி முதல் சீன்லயே செத்துப்போவாரே, அந்தப் படம்தானே" என்று அடுப்படியிலிருந்து ஆரம்பித்தாள். அப்புறம் ஆளுக்கு ஒரு விதமாக வாக்குமூலம் சொல்வது, வீணை பாலச்சந்தர் இயக்கியது, 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிக் கதை நடப்பது, அந்தக் குண்டுக்குப் பயந்து அவள் தாத்தா குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனது, போன இடத்தில் பெரிய பித்தளை அண்டா காணாமல் போனது என்று சாம்பார் கொதிக்கிறவரைக்கும் போயிற்று. அதற்குள் ஆப் பொறுமையிழந்து தானாக மூடிக்கொண்டது.

அதனால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். குறுக்கெழுத்து போடுங்கள், டாக்டரே சொல்லியிருக்கிறார். விடை தெரியாவிட்டால் பல்பைத் தொடுமுன் வீட்டில் வயதான ஒருவரைக் கேளுங்கள். அவர் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். சரியான விடைதான் அடுத்த வாரம் வந்துவிடுமே.