471-இன் பூர்வீகம்

“பாய், இது மளிகைக் கடை, லைப்ரரி இல்ல” என்றார் அண்ணாச்சி. சொன்னது திருத்தணியில், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தின் நடுவில், ஊரே கேட்கும்படி. எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

என்னை மட்டும் சொன்னால் எப்படி? மஞ்சள் வேட்டியோடு ஒரு காவடிக்காரரும் நான் பார்த்த அதே கேக் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். 365 படி ஏற வேண்டிய மனிதர் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். எனக்கு ஹலால், அவருக்கு விரதம். எங்கள் இருவரையும் மடக்கியது, பாக்கெட்டின் சேர்மானப் பட்டியலில் இருந்த 471 என்ற நம்பர்.

இந்த 471-ஐப் பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். எடுத்தபின் நம்பர் ஒன்றுதான். திருத்தணி ஆந்திராவா தமிழ்நாடா என்ற தகராறே 1960-இல் தீர்ந்துவிட்டது. ம.பொ.சி. போராடினார், எல்லைக்கோடு நகர்ந்தது, அவர் பெயரில் இங்கே சாலையும் இருக்கிறது. 471 எல்லைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் ‘எமல்சிஃபையர்’ என்று பதில் வருகிறது. அது பார்க்கும் வேலை ஐயா அது! நான் கேட்பது சொந்த ஊர். இதன் தம்பி 631 இருக்கிறானே, சிப்ஸிலும் நூடுல்ஸ் மசாலாவிலும் ருசி கூட்டுகிறவன், அவனுக்கு மீனும் பூர்வீகமாகலாம், மரவள்ளியும் ஆகலாம். இந்தப் பூர்வீகக் கேள்வி வழக்காகி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. நம்பர் மட்டும் போதாது, தாவரமா, விலங்கா, ஆய்வகத்தில் செய்ததா என்றும் எழுதுங்கள் என்று 2021 டிசம்பரில் உத்தரவு வந்தது. நானும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணாச்சி கேக் பாக்கெட்டின் விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் பச்சைப் புள்ளி. காவடிக்காரர் முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை. எசென்ஸில் ஆல்கஹால் இருந்தாலும் புள்ளி பச்சைதானே! அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கையிலிருந்த பளபள மிட்டாயில் 904 தெரிந்தது. “சாமி, இது அரக்கு. பூச்சி சுரக்கிறது. தேனைப் போல இதுக்கும் சட்டத்துல விலக்கு உண்டு, அதான் பச்சை” என்றேன். மிட்டாயையும் கேக்கையும் வைத்துவிட்டு அவர் மலைக்கு நடையைக் கட்டினார். லைப்ரரி வசனம் பிறந்தது அப்போதுதான்.

கம்பெனிக்காரர்களே, ‘தாவரம்’ என்பது நான்கே எழுத்து. 471-ஐ விட ஒன்றுதான் அதிகம். அந்த ஓர் எழுத்து மையை மிச்சம்பிடித்து என்ன கோட்டை கட்டப் போகிறீர்கள்?