மணிலாவில் துரையாவது எப்படி?

அமெரிக்கக் கொடி 1946 ஜூலை 4-ஆம் தேதியே இறங்கிவிட்டது. அதற்காக, துரையாகும் வாய்ப்பு போய்விட்டதே என்று எந்தப் பிலிப்பினோவும் மனம் தளர வேண்டாம். கொஞ்சம் முயற்சியும் நிறைய முகப்பூச்சும் இருந்தால் போதும்.

முதலில் பூர்வீகத்தைச் சரிசெய்யுங்கள். குடும்பப் பெயர் கார்சியா, வில்லனுவேவா என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. "எங்க கொள்ளுத்தாத்தா ஸ்பெயின்காரர்" என்று ஆரம்பித்துவிடலாம். 1849-இல் ஸ்பானிய கவர்னர் கிளவேரியா, வரி வசூலுக்குத் தோதாக இருக்கட்டுமென்று பெயர்ப் பட்டியல் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பி, ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்ன கதையை விருந்தில் யாராவது எடுத்தால், சட்டென்று பேச்சை மாற்றுங்கள். அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். அங்கே தெருவுக்குத் தெரு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பெயர்கள். பட்டியலில் அந்த ஊரின் பங்குக்கு வந்த பக்கம் அது. ஸ்பானியத் தாத்தாக்கள் அத்தனை பேரும் அகரவரிசைப்படியா வந்து இறங்கினார்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

அடுத்தது தோல். பப்பாளி சோப்பு பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். அதில் திருப்தி இல்லாதவர்களுக்குக் குளூட்டாதயோன் ஊசி இருக்கிறது. தோலை வெளுப்பதற்காக அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது, அவர்களுக்கு வயிற்றெரிச்சல். பிறந்த குழந்தையின் மூக்கைப் பிடித்து நீவி எடுப்பாக்கும் பொறுப்பைப் பாட்டியிடம் விடுங்கள். நீங்கள் சொல்வதற்குள் அவர் தொடங்கியிருப்பார்.

ஆங்கில விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று அந்த வேலையை நீங்களே சம்பளமில்லாமல் செய்யலாம். வீட்டில் தாய்மொழி பேசினால் வார்த்தைக்கு ஒரு பெசோ அபராதம் போடுங்கள். பல பள்ளிகள் காட்டிய வழிதான். குழந்தையை மகாத்தி பக்கத்து மால் ஒன்றுக்கு அழைத்துப் போகும்போது, விசயாஸ் தீவுகளிலிருந்து வந்த ஆயாவையும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லுங்கள். "பேபி, டோன்ட் ரன், யூ வில் பி ஃபால்" என்று அவள் பதறிக்கொண்டு ஓடுவாள். இலக்கணம் போனால் போகட்டும். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களா? அதுதான் முக்கியம். நாளைக்கு அந்தப் பிள்ளை தன் பாட்டியோடு பேச ஆள் வைத்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியா அத்தை அனுப்பும் பாலிக்பயான் பெட்டியைப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டும். ஸ்பாம் இறைச்சி டப்பாக்களைக் கண்ணாடி அலமாரியில் பெயர் தெரியும்படி அடுக்குங்கள். உடனே தின்று தீர்ப்பது பட்டிக்காட்டுத்தனம். மூலைக்கடையில் விற்கும் அதே பற்பசைதான் பெட்டிக்குள்ளும் இருக்கும். ஆனால் இது கப்பலில் வந்தது, நுரையே வேறு மாதிரி என்று சொல்ல வேண்டும். அடியில் கிடக்கும் சட்டையின் கழுத்துப்பட்டையில் 'மேட் இன் பிலிப்பைன்ஸ்' என்று இருந்து தொலைத்தால், விருந்தாளிகள் வருவதற்குள் கத்தரித்துவிடுங்கள். கவீதே மாகாணத்தில் தைத்த சட்டை பசிபிக் கடலை இரண்டு முறை தாண்டியிருக்கிறது. அந்த மரியாதையாவது அதற்கு வேண்டாமா?

செப்டம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டுவிடுங்கள். வியர்வையைத் துடைத்தபடி பஞ்சுப் பனியை ஒட்டுங்கள்.

இத்தனையும் தேறியவருக்குக் கடைசித் தேர்வு, ரோஹாஸ் சாலையில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் விசா ஜன்னல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுற்றுலா விசா கேட்டுப் போனவர், அதுவரை பழகிய அமெரிக்க உச்சரிப்பில் அமெரிக்காவைப் புகழ ஆரம்பித்தால் காரியம் கெட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு வேண்டியது வேறு. ஊரில் வீடு இருக்கிறதா, வேலை இருக்கிறதா, திரும்பி வருவாயா? ஆகவே வேலைச் சான்றிதழ், நிலப்பத்திரம், பாட்டியின் படம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பிலிப்பைன்ஸை விட்டு உங்களால் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கவே முடியாது என்று அவர் நம்பும்படி, நல்ல ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.