இ போட்டா நெல்லுக் கூடுமோ?

மோனை, இதிலை இரு. நீ கம்பசிலை தமிழ் படிக்கிறாய், நான் ஒட்டுசுட்டான் வயலிலை தமிழ் பேசினவன். நேத்து நான் 'லாபம்' எண்ட உடனை, "அப்பு, தமிழ்ச் சொல்லு 'ல'விலை தொடங்கப்படாது, முன்னாலை ஒரு 'இ' போடுங்கோ" எண்டாய். இ போட்டா நெல்லுக் கூடுமோடா?

அந்தக் காலத்திலை நெல்லு அளக்கேக்கை முதல் மரைக்காலை 'ஒண்டு' எண்டு சொல்லமாட்டம். 'லாபம்' எண்டுதான் தொடங்கிறது. பேந்துதான் ரெண்டு, மூண்டு. களத்திலை குவிஞ்சு கிடக்கிறது நெல்லில்லை, பொலி. 'முடிஞ்சுது' எண்டு வாய் தவறிச் சொன்னாயோ, உன்ரை பூட்டன் துவரந்தடி தேடுவார். சொல்லப்படாது எண்டு ஒரு கட்டு விழுந்தாத்தான் வாய் வேறை வழி தேடும். அவிட்டு விட்ட மாடு கண்டபாட்டுக்கு மேயும். கட்டின மாட்டுக்குத்தான் கயிறு எவ்வளவு தூரம் எட்டும் எண்டு தெரியும். லூயிஸ் துரை, 1895இலை வன்னியைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டவர், இந்தக் களத்துப் பேச்சுக்கெண்டே ஒரு கட்டுரையும் எழுதினவர். அந்த மனிசன் எங்களை இ போடச் சொல்லேல்லை.

உன்ரை நன்னூலிலை 462 சூத்திரம். நாவலர் உரை எழுதின புத்தகம், நான் குறை சொல்லன். ஆனா அதை எழுதின பவணந்தி முனிவர் உன்னை மாதிரி இல்லை, கெட்டிக்காரன். எங்களைப் போல ஆக்களின்ரை பேச்சுக்கும் மங்கலம், குழூஉக்குறி எண்டு பேர் வைச்சு, பாய் போட்டு உள்ளுக்கை இருத்திப்போட்டார். நீதான் வாசலிலை நிண்டு அடையாள அட்டை கேக்கிறாய்.

இப்பக் களம் எங்கை? மெசின் வந்து வெட்டி, அடிச்சு, கொட்டிப்போட்டுப் போகுது. சிங்கள ஊருகளிலை அதுக்குச் 'சுனாமி' எண்டு பேர். எந்தப் புலவர் வைச்சது? வயலை வழிச்சுத் துடைக்கிறதைப் பாத்த ஒரு கமக்காரன் வைச்சிருப்பான். நல்ல பேர்தான். ஆனா 2004இலை முல்லைத்தீவுக் கரையைப் பாத்த எனக்கு அந்தச் சொல்லு வாயிலை வராது. பாத்தியோ, ஒரு கட்டுப் போனா இன்னொரு கட்டு.

போன போகம் மெசின் றைவர் இறங்கி, "ஐயா, முடிஞ்சுது" எண்டு கத்தினான். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. கிட்டப் போய், "தம்பி, வயலிலை அப்பிடிச் சொல்லப்படாது. பொலி எண்டு சொல்லோணும்" எண்டன்.

தலையாட்டினான். பேந்து டீசல் டாங்கியை ஒருக்கால் தட்டிப் பாத்திட்டு, "அப்ப டீசலும் பொலி, ஐயா" எண்டான்.