கண்கண்ட சாட்சி

குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் சொல்லவில்லை. ஆகவே டார்வின் சொன்னது தவறு என்று 2018-இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் தீர்ப்பளித்தார். அருமையான அளவுகோல்! அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் உடனே அமல்படுத்தலாம். கண்மாய் வீட்டுமனையாக மாறியதை யாராவது பார்த்தார்களா? ஆகவே அங்கே கண்மாயே இருந்ததில்லை.

டீக்கடைப் பெரியவர் இன்னும் கூர்மை. “குரங்குலருந்து வந்தோம்னா, குரங்கு இன்னும் ஏன்யா இருக்கு?” டார்வினுக்குப் பேச்சே எழாது. அதே கணக்கில், பெரியப்பா மகன் இன்னும் நடமாடுவதால் நமக்குத் தாத்தாவே கிடையாது.

2023-இல் பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கினார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குடும்ப ரகசியமும் தப்பியது.

இதில் பெரியவருக்குத்தான் பெரிய நிம்மதி. கண்ணால் பார்த்தேயிராத பூட்டன் பெயரைச் சொல்லி, பங்காளிமேல் பாகப்பிரிவினை வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார். இருப்பதோ கொஞ்சம் மானாவாரி நிலம். சிம்பன்சியும் பங்காளிதான் என்று நிரூபணமானால், அதற்கும் ஒரு பங்கு எழுதிவைக்க வேண்டுமே!